தாய்மாமன் வரும்வரை

மலிதாவின் கட்டில் மூன்றாவது நாளும் காலியாகவே கிடந்தது. விரிப்பை மாற்றித் தலையணையைத் தட்டி வைத்துவிட்டு, கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக இருந்தது என் கையெழுத்து. ரத்த அழுத்தம் நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. ஒன்பது மாதக் கர்ப்பத்தில் முகம் வீங்கி, தலைவலி தலைவலி என்று அனத்திக்கொண்டிருந்த பெண்ணை, "போயிட்டு அன்னிக்கே திரும்பிடணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தவளும் நான்தான். அனுப்பாமல் எப்படி இருக்க முடியும்? செத்தது கூடப்பிறந்த அக்கா. அவள் செத்ததும் இங்கேதான், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் கையில்.

டாக்டரம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இன்னிக்கும் வரலையா?"

"வரலை."

"ஆள் அனுப்பினோமே?"

"போன ஆள் திரும்பி வந்துட்டார். அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டாங்களாம்."

"யாரு, புருஷனா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏழு வாரமாகத் தலைப்பாடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "புருஷன் எங்கேம்மா வந்தான் இதுல? மாமன். சிசாலே."

எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். கட்டினவள் ஊருக்கு வந்து, அவள் வீட்டார் காட்டுகிற நிலத்தில் சோளம் விதைத்து, அவர்கள் போடுகிற நிசிமாக் களியைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டியதுதான். பிள்ளைகள் அவனுடையவை அல்ல, பெண்டாட்டியும் முழுக்க அவனுடையவள் அல்ல. அவளுக்குப் பொறுப்பு தாய்மாமன். கல்யாணம், சண்டை, வைத்தியம், சாவு எல்லாவற்றுக்கும் அவர் வாயிலிருந்து வார்த்தை வந்தாக வேண்டும். என் வீட்டிலும் இதே கதைதான். என் புருஷன் இருபது வருஷமாக முனகிக்கொண்டிருக்கிறார், முனகட்டும்.

டாக்டர் மோராக் ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. எனக்கு இது ஐந்தாவது டாக்டர். முன்னால் வந்தவர்கள் எல்லாரும் வந்த அன்றே எங்களைத் திருத்த ஆரம்பித்தார்கள். இந்தம்மா அப்படி இல்லை. அனுப்பி வைத்த மிஷன்காரர்கள் சொல்லியிருந்தார்களாம், முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதே, வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வை, அங்கே இருப்பவர்கள் சொல்வதைக் கேள் என்று. அப்படியே கேட்டார். தரையில் உட்கார்ந்து விரல் சுடச் சுட நிசிமா தின்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, பொருள் தெரியாத பாட்டுக்கெல்லாம் கை தட்டினார். எனக்குப் பிடித்துப்போயிற்று. கடைசியில் ஒழுங்கான ஓர் ஆளைக் கர்த்தர் அனுப்பிவிட்டார் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை அக்காக்காரி எனெலெசியை மாட்டு வண்டியில் கொண்டு வந்தார்கள். மூன்றாவது பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது, வலி எடுத்து ஒரு நாள் ஆகியிருந்தது. பத்து மணிக்கே டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டு சொன்னார், "இப்பவே அறுக்கணும்." புருஷன் யொஹானே வெளியே நின்றிருந்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டிருப்பான். குறுக்கே விழுந்தவள் நான்.

"மாமன் வரட்டும்மா. அவரைக் கேக்காம கத்தி வச்சீங்கன்னா இந்த ஊர்ல ஒருத்தி இந்தப் படி ஏற மாட்டா. ரெண்டு வருஷம் முந்தி இருந்த டாக்டர் அப்படித்தான் பண்ணினார். அப்புறம் ஒரு வருஷம் கட்டில் எல்லாம் காலி. வீட்டிலேயே பெத்து, வீட்டிலேயே செத்தாங்க. ரெண்டு மணி நேரம் பொறுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நிச்சயமா சொல்றீங்களா, லெஸ்தினா?"

"நிச்சயமா."

யொஹானேயை சைக்கிளில் அனுப்பினோம். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. நாங்கள் இரண்டு பேரும் நடையில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம். அறுவை அறையில் எல்லாம் கொதிக்க வைத்துத் தயாராக இருந்தது. ஒன்றரை மணிக்கு உள்ளே எனெலெசி ஒரு சத்தம் போட்டாள், அப்புறம் வலியே இல்லை என்றாள். வலி நின்றுவிட்டது என்று அவள் சிரித்தாள். கர்ப்பப்பை கிழிந்தால்தான் அப்படி நிற்கும். டாக்டரம்மா யாரையும் கேட்காமல் ஓடினார். அறுத்துப் பிள்ளையை எடுத்தபோது பிள்ளை போயிருந்தது, கால் மணி நேரத்தில் தாயும் போனாள். சிசாலே இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

மறுநாள் அவர்கள் ஊரான சிவாலாவில் அடக்கம். ஆஸ்பத்திரி வண்டியில் நாங்கள் எல்லாரும் போனோம். போதகர் போனார், மருந்து கொடுப்பவர் போனார், கூட்டிப் பெருக்குகிறவள் போனாள். டாக்டரம்மா மட்டும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் போய்த் தட்டினேன். "என்னால எனெலெசியோட அம்மா முகத்தைப் பாக்க முடியாது, நீங்க போங்க" என்று உள்ளேயிருந்தே சொன்னார். இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அழுகிறாரே என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் சாவுக்கு வராத ஆளைப் பற்றி ஊர் ஒன்றே ஒன்றுதான் நினைக்கும். வராதவர் கைதான் அந்தச் சாவைச் செய்தது. இதை ஏழு வாரத்தில் நான் அவருக்குச் சொல்லவே இல்லை. சாவுக்குப் போக வேண்டும் என்பதை ஒரு மனுஷிக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது கட்டிலருகே நின்றுகொண்டு அதைச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"நான் கொன்னேன்னு நினைக்கிறாங்களா?"

"நீங்க ஒளிஞ்சுக்கிட்டீங்க. வேற என்னத்த நினைப்பாங்க?"

"மலிதாவுக்கு வலிப்பு வந்துச்சுன்னா?"

"சிவாலாவுல வலிப்பு வந்தா சிவாலாவுலயே புதைப்பாங்க."

அவர் அட்டையை என் கையிலிருந்து வாங்கி மறுபடி படித்தார். படித்துவிட்டு, "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. போவோம்," என்றார்.

போகிற வழியெல்லாம் சேறு. இரண்டு பக்கமும் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. நான் என் துணி ஒன்றை எடுத்து அவர் கால்சட்டைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டேன். தலைக்கும் ஒரு துணி. அதை அவரே கட்டிக்கொண்டார்.

"என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லப்போறேன், லெஸ்தினா."

"எல்லாத்தையும் சொல்லணும்னு அவசியம் இல்லை. மன்னிப்பு கேளுங்க, அழுங்க, உக்காருங்க. அது போதும். மலிதாவை அனுப்பச் சொல்லி நான் பேசிக்கிறேன்."

"காத்திருந்தேன்னு சொல்ல வேண்டாமா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்."

காத்திருந்தோம் என்று சொன்னால் அடுத்த கேள்வி, யாருக்காக? மரத்தடியில் கூடியிருக்கும் ஊருக்கு முன்னால் சிசாலேயின் முகத்தில் கரியைப் பூசிவிட்டு, அதே சிசாலேயிடம் மலிதாவை அனுப்புங்கள் என்று கேட்க முடியுமா? இது அந்தம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதோடு, காத்திருக்கச் சொன்னது யார் என்ற கேள்வியும் அதன் பின்னாலேயே வரும். அதுவும் எனக்குப் புரிந்துதான் இருந்தது. மூன்று நாளாக நான் சோறு தின்னவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

சாவு வீட்டில் பெண்கள் உள்ளே காலை நீட்டி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பாட்டு அறுந்தது. டாக்டரம்மா குனிந்து நுழைந்து தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவள் தன் பாயை இழுத்துக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தாள், அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். மூலையில் எனெலெசியின் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மலிதா படுத்திருந்தாள். நான் நகர்ந்து போய் அவள் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது.

"தலைவலி எப்படி இருக்கு?"

"கண்ணு முன்னாடி பொறி பொறியா பறக்குது, சிஸ்டர்."

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அதற்குள் வெளியிலிருந்து ஆள் வந்து எங்களை ஆண்கள் பக்கம் கூப்பிட்டான்.

மாமரத்தடியில் முப்பது நாற்பது ஆண்கள் இருந்தார்கள். நாற்காலியில் சிசாலே மட்டும். புகையிலைத் தோட்டக்காரர், ஊர்த் தலைவருக்கு வலது கை, கோயிலில் முன் வரிசை. நாங்கள் மண்டியிட்டுக் கை தட்டி வணக்கம் சொன்னோம். அவர் திருப்பித் தட்டவில்லை.

"அடக்கத்துக்கு டிரைவரைப் பாத்தோம். கூட்டிப் பெருக்குற பொண்ணைப் பாத்தோம். போதகர் வந்து பாடினார். உங்க டாக்டரை மட்டும் காணோம். என்ன, காய்ச்சலா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பில் ஈரமே இல்லை. நான் மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா நேராக அவரைப் பார்த்துச் சொன்னார், "எனக்கு வெக்கமா இருந்துச்சு. என்னைப் பாத்தா உங்களுக்கு இன்னும் வலிக்கும்னு நினைச்சேன். தப்புன்னு இப்பதான் தெரியுது."

இதை அப்படியே சொன்னேன். கூட்டம் கொஞ்சம் அசைந்தது. சிசாலே தாடையைத் தடவினார்.

"சரி. என் பொண்ணு எதனால செத்தா? அதைச் சொல்லச் சொல்லு."

டாக்டரம்மா மூச்சை இழுத்துக்கொண்டார். "பிள்ளை குறுக்கே இருந்தது. பத்து மணிக்கே அறுத்திருக்கணும், எனக்கு அது தெரியும். மூணரை மணி நேரம் காத்திருந்தேன். அதுக்குள்ள கர்ப்பப்பை கிழிஞ்சுபோச்சு. காத்திருந்தது என் தப்பு. நான் டாக்டர், முடிவு என்னுடையது."

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். "பிள்ளை குறுக்கே இருந்துச்சாம். கர்ப்பப்பை கிழிஞ்சுபோச்சாம். ரொம்ப வருத்தப்படுறாங்க," என்றேன்.

"அவ்வளவுதானா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவ்வளவுதான்."

"நான் அவ்வளவு நேரம் பேசினேன். நீங்க மூணு வரியில முடிச்சிட்டீங்க, லெஸ்தினா."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் நான் எதையோ விழுங்கிவிட்டேன் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. மொழி புரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. சிசாலே முன்னால் குனிந்தார். "என்ன மறைக்கிற, சிஸ்டரம்மா?"

இருபத்திரண்டு வருஷம் இந்த மிஷனில் வேலை பார்க்கிறேன். எத்தனை பேருக்கு எத்தனை செய்தியைப் பதமாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வார்த்தையும் பதமாக வரவில்லை. வீட்டு வாசலில் பெண்கள் வந்து நிற்பது தெரிந்தது, மலிதாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீங்கின முகத்தைப் பார்த்தேன். அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"பத்து மணிக்கே அறுக்கணும்னு டாக்டரம்மா கத்தியை எடுத்தாங்க. வேண்டாம், மாமன் வரட்டும்னு தடுத்தது நான். நான் சொன்னதைக் கேட்டாங்க. வேற தப்பு அவங்க பண்ணலை."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. ஒருவன் எழுந்து என் பக்கம் கை நீட்டி, "நம்ம ஊர்க்காரியா இருந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தான். டாக்டரம்மா என் கையைப் பிடித்தார், என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சிசாலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வழி கிடைத்துவிட்டது. ஆமாம், இவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி என் தலையில் இறங்கும், அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் சொல்வதற்கு முன்னால் வாசலிலிருந்து எனெலெசியின் அம்மா பேசினாள். மூன்று நாள் அழுததில் குரல் கம்மிப்போயிருந்தது.

"அண்ணே. மாப்பிள்ளை உன்கிட்ட எத்தனை மணிக்கு வந்தான்?"

யொஹானே ஆண்களுக்குப் பின்னால், கடைசியில், மாப்பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் தலையை இரண்டு முழங்காலுக்கு நடுவே புதைத்துக்கொண்டான். மாமனைப் பற்றி ஒரு மாப்பிள்ளை வாய் திறக்க முடியாது. திறந்தால் அன்றே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"உன்னைத்தான் கேக்குறேன், அண்ணே. பதினோரு மணிக்கு வந்தான்னு அவன் என்கிட்ட சொன்னான். நீ எத்தனை மணிக்குக் கிளம்புன?"

"வரப்புத் தகராறு பேசிக்கிட்டு இருந்தோம்," என்றார் சிசாலே.

"அதைத்தான் நானும் கேள்விப்பட்டேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். அன்று வரப்புத் தகராறு பேசிய ஆட்களும் அதே மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சிசாலே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்த மனிதரின் தலை அவ்வளவு நரைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறகு எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டை நோக்கி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார், எல்லாம் முடிந்தது, மலிதா அவ்வளவுதான் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன நடக்குது? சொல்லுங்க!"

"தெரியலை," என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

அவர் திரும்பி வந்தபோது தோளில் ஒரு கம்பளி இருந்தது. நேரே வாசலுக்குப் போய் மலிதாவின் முழங்கையைப் பிடித்தார்.

"வா. வண்டியில ஏறு."

அவள் ஏறினாள். நாங்களும் ஓடிப் போய் ஏறினோம். டிரைவர் கதவைச் சாத்தப் போனார், சிசாலே கையை வைத்து நிறுத்தினார். கம்பளியை உள்ளே எறிந்துவிட்டு, அவரும் ஏறி என் எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க எங்கே, பெரியவரே?" என்றேன்.

"இவ பெத்து எழுந்திருக்கிற வரைக்கும் நான் அங்கேதான் இருக்கப்போறேன். யாரும் எனக்கு சைக்கிள் அனுப்ப வேண்டாம்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளுக்குத் துணை வருபவர்கள் தங்கும் கொட்டகை இருக்கிறது. பெண்கள் மட்டும்தான் தங்குவார்கள். அம்மாக்கள், அத்தைகள், அக்காக்கள். அங்கேயே சமைத்து, அங்கேயே துவைத்து, அங்கேயே சண்டை போடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஓர் ஆண்பிள்ளை அங்கே பாய் விரித்ததை நான் பார்த்ததில்லை. சிசாலே விரித்தார். அன்று சாயங்காலம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மாமாவுக்கு எத்தனாவது மாசம்?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் பானை ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு, பிரசவ அறையின் கதவு தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

ஊசி போட்டோம். அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. காலையில் டாக்டரம்மா வலி வர மருந்து ஆரம்பித்தார். நான் தண்ணீர் எடுக்கவும் துணி எடுக்கவும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவேன். ஒவ்வொரு தடவையும் சிசாலே எழுந்து நின்றார். நான் இல்லை என்று தலையாட்டுவேன், உட்காருவார். ஒரு பெண் அவருக்கு நிசிமாவும் பூசணிக்கீரையும் வைத்துக் கொடுத்திருந்தாள். ஈ மொய்த்துக்கொண்டு அது அப்படியே இருந்தது. சிரிப்பதை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள்.

மதியம் பிள்ளையின் இதயத் துடிப்பு குறைந்தது. நான் குழாயைக் காதில் வைத்து எண்ணினேன், மறுபடி எண்ணினேன், டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவரும் கேட்டார். மலிதாவின் கண் சொருகத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. நேரே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார், நான் பின்னால் ஓடினேன்.

சிசாலே ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"அறுக்கப் போறேன்," என்றார் டாக்டரம்மா, எங்கள் மொழியில், ஏழு வாரத்து மொழியில்.

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். என்னையும் பிடித்து உள்ளே தள்ளினார். கதவு மூடிக்கொள்வதற்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பானைகளுக்கும் காய்கிற துணிகளுக்கும் நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார். "சரி," என்று சொல்லிக்கொண்டிருந்தார், "சரி, சரி," என்று. கேட்பதற்கு அங்கே கதவு மட்டும்தான் இருந்தது.